ஏழு மைக்ரோ செகண்ட் தள்ளி இன்னொரு கோபுரம்

பெர்லின் ட்ஸோ ரயில் நிலைய வாசலில் ஒரு சின்னத் திரையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவன் நானாகத்தான் இருப்பேன். கையில் டிவி சிக்னல் அளக்கும் மீட்டர். திரையில் ஊசி மாதிரி இரண்டு கோடுகள். முதலாவது, அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் 368 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கோபுரம். சுமார் 7 மைக்ரோ செகண்ட் தள்ளி இரண்டாவது, நகரின் மேற்கே ஷோல்ட்ஸ்பிளாட்ஸ். ரேடியோ அலை ஒரு மைக்ரோ செகண்டில் 300 மீட்டர் ஓடும். அப்படியானால் ஷோல்ட்ஸ்பிளாட்ஸ் எனக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் கூடுதல் தூரம். மேப்பைத் திறந்து பார்த்தேன். அதேதான்!

இரண்டும் ஒரே அலைவரிசை என்பதுதான் விசேஷம். பழைய அனலாக் டிவியில் இப்படிச் செய்திருந்தால் செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே அவருடைய ஆவியும் உட்கார்ந்து வாசித்திருக்கும். தரைவழி அனலாக் ஒளிபரப்பை உலகத்திலேயே முதலில் மூட்டை கட்டிய பெருநகரம் இதே பெர்லின், 2003 ஆகஸ்டில். இப்போது ஓடும் டிவிபி-டி2 டிஜிட்டல் முறையில், 32கே அமைப்பில், ஒரு சிம்பலின், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாத் துண்டின், நீளம் 3,584 மைக்ரோ செகண்ட். அதன் முன்னால் 1/16 பங்கு கார்டு இன்டர்வல் என்ற காப்பு இடைவெளி விட்டால் 224 மைக்ரோ செகண்ட், அதாவது 67 கிலோமீட்டர் வித்தியாசம் வரை தாங்கும். அதற்குள் வந்து சேரும் இரண்டாவது சிக்னல் தொந்தரவே இல்லை, முதலாவதுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் கோபுரங்கள் ஒரே பிட்டுகளை, ஒரே அலைவரிசையில், குறித்த கணத்தில் விட வேண்டுமே! அங்கேதான் நான் சொக்கிப்போனேன். டேட்டா ஒரு கோபுரத்துக்குச் சீக்கிரம் வரும், இன்னொன்றுக்குத் தாமதமாக வரும். அதனால் கிளம்பும் இடத்திலேயே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ‘இந்த நேரத்தில் வானில் விடு’ என்று டைம்ஸ்டாம்ப் குத்திவிடுகிறார்கள். முந்தி வந்த டேட்டா பஃபரில் உட்கார்ந்திருக்கும். நேரம் பார்க்க ஜிபிஎஸ்ஸிலிருந்து செகண்டுக்கு ஒரு துடிப்பு, அலைவரிசை பிசகாமலிருக்க 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல். முகூர்த்தம் தவறுவதே கிடையாது. நம் கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஊர் திரும்பியதும் ஆய்வக மேஜையில் இரண்டு மாடுலேட்டர்களை வைத்து இதையே செய்து பார்த்தேன். வேண்டுமென்றே ஒன்றின் ஜிபிஎஸ் கேபிளைப் பிடுங்கினேன். படம் அசையவில்லை! உள்ளே சூடாக்கி வைத்த கிரிஸ்டல் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால்கூட ஒரு மணி நேரத்தில் 3.6 மைக்ரோ செகண்ட் நழுவும். மீட்டரில் ஊசி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுமை போய், டிலேயை நானே கூட்டினேன். 200, 210, 220... படம் பளிச்சென்று இருந்தது. 224-ஐத் தாண்டியதும் சதுரம் சதுரமாக உடைந்து கறுத்துப் போனது.

டிலேயைப் பழையபடி குறைத்து, கேபிளைத் திரும்பச் செருகினேன். ஊசி ஒரே தாவாகத் தாவவில்லை. சிறுகச் சிறுக நகர்ந்து தன் இடத்துக்கு வந்து நின்றது. அதற்குள் என் டீ ஆறி ஏடு படிந்திருந்தது.