பீஸ் ரேட்டில் ஏறும் லெவல்

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகும் பையன் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். சாப்பிட்டுக் கை கழுவினால் ஆடக் கிடைப்பது ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு 'விட்சர் 3' மாதிரி நூறு மணி நேரத்தை விழுங்கும் ஆட்டத்தை முடிக்க முடியுமா? 2015 மே மாதம் வந்த போலந்து ஆட்டம் இது. பாதியில் விட்டவர்களைக் கேட்டால், "ரொம்பப் பெருசுங்க" என்பார்கள். எனக்கென்னவோ, பெரும்பாலானவர்களைக் கவிழ்த்தது அவர்களுடைய வேகக் கணக்கு என்றே தோன்றுகிறது.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரே வரியில் விளங்கிவிடும்: இதில் ஷிப்ட் கூலி கிடையாது, பீஸ் ரேட்தான். ராத்திரி முழுக்க ஓநாய் வெட்டினாலும் எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளி சில்லறையாகத்தான் தேறும். குவெஸ்ட்டை முடித்துக் கொடுத்தால்தான் காசு. தொடக்கத்தில் ஒரு லெவலுக்கு 1000 எக்ஸ்பி, பத்தைத் தாண்டினால் 1500, இருபதுக்கு மேல் 2000.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் இன்ன லெவல் என்று எழுதியிருக்கும். நம் நாயகன் ஜெரால்ட் அதைவிட 6 லெவல் மேலே போய்விட்டால் அந்த வேலைக்குப் பேருக்குத்தான் கூலி. வெலன் பகுதியின் வரைபடத்தில் கேள்விக்குறி ஒன்று விடாமல் துடைத்து, லெவல் 12-ஐத் தொட்ட பிறகு பிளடி பேரன் என்ற பிரபுவின் கதைக்குத் திரும்புகிறவர், லெவல் 6-க்கு வைத்த குவெஸ்ட்டை ஏறக்குறைய இலவசமாகச் செய்கிறார். அதைவிடப் பெரிய நஷ்டம் சண்டையில் உப்பில்லாமல் போவது. ஆட்டத்தின் ஆகச்சிறந்த கதையைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

கொஞ்சம் கீழே நின்று அடிப்பதில்தான் ருசி. மிட்காப்ஸ் ஊர்ப்பக்கம் ஜென்னி என்ற இரவுப் பேயை விரட்டும் கான்ட்ராக்ட் லெவல் 10. எட்டிலேயே போய்ப் பாருங்கள். ஏர்டன் என்ற மந்திர வட்டத்துக்குள் இழுத்தால்தான் அவள் மேல் வாள் படும். வெளியே நின்று வீசினால் புகையைத்தான் வெட்டுவீர்கள். நடுவில் மூன்று நிழலுருவாகப் பிரிந்து சக்தி உறிஞ்சுவாள், அவற்றை முதலில் கலைக்க வேண்டும். பேய்களுக்கான எண்ணெயை வாளில் தடவ மறந்தால் சண்டை இழுத்துக்கொண்டே போகும். பன்னிரண்டில் போனால் இது எதுவுமே தேவைப்படாது, அதனால் எதையும் கற்றுக்கொள்ளவும் மாட்டீர்கள்.

லெவல் ஏறாமலே பலம் ஏற வழி உண்டு. முதல் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டிலேயே 6 சக்தித் தலங்கள் இருக்கின்றன. முதல்முறை வணங்கினால் தலத்துக்கு ஒரு திறன் புள்ளி, ஆறு லெவல் ஏறினால் கிடைப்பது அங்கேயே கையில் வந்துவிடும். இதைத் தாண்டிப் போவது சோம்பேறித்தனம். அடுத்து கிரிஃபின் கவசம், லெவல் 11-ல் அணியலாம். அதற்கான செய்முறை வரைபடங்களை வழியில் பொறுக்கிக்கொள்ளலாம்.

மற்றவர்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டார்கள். 2006-ல் வந்த 'ஆப்லிவியன்' நம்மோடு சேர்த்து உலகத்தையும் வளர்த்தது. கடைசியில் வழிப்பறிக் கொள்ளையன்கூடக் கண்ணாடிக் கவசத்தில் வந்து நின்று சில்லறை கேட்டான். 2022-ன் 'எல்டன் ரிங்' வாசலிலேயே குதிரை மேல் ஒரு காவலனை நிறுத்தி, "இப்போது வேண்டாம், சுற்றிப் போ" என்று சொல்லாமல் சொன்னது. எனக்கு இதுதான் பிடித்தது. 'விட்சர்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விருப்பப்பட்டால் எதிரிகளை நம் லெவலுக்கு உயர்த்தும் வசதியும் அதில் உண்டு, ஆனால் அதைப் போட்டாலும் பழைய குவெஸ்ட்டின் கூலி ஏறாது.

ஆக, வேலை நாளில் இரவுக்கு ஒரு கான்ட்ராக்ட், ஞாயிறு மத்தியானம் மெயின் கதை. ஸ்கெல்லிகே தீவுக் கடலில் மிதக்கும் கேள்விக்குறிகளைத் தொடவே வேண்டாம். படகு ஓட்டி, தலைக்கு மேல் பறக்கும் சைரன்களைச் சுட்டு, கடைசியில் கிடைப்பதில் பாதி விற்கத்தான் ஆகும். மெயின் கதையில் ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ் தீவுக்குக் கிளம்பும் முன் ஆட்டமே ஓர் எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் தட்டிவிடாதீர்கள். நோவிகிராட் நகரில் சூனியக்காரி டிரிஸ்ஸின் 'நௌ ஆர் நெவர்' குவெஸ்ட் உட்பட முடிக்காத கிளைக்கதைகள் சில அந்த இடத்தோடு தோல்வி என்று மூடிக்கொள்ளும்.