சென்னையிலிருந்து சென்னைக்கு ஒரு கப்பல்

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் அது. பழசு என்பதில் தப்பில்லை. எனக்கு இடிப்பது அதன் இரண்டு இரவுப் பயணம்: சென்னையில் கிளம்பி, ஆழ்கடலில் மிதந்துவிட்டு, திரும்பச் சென்னை. நடுவில் இறங்க ஒரு ஊர்கூடக் கிடையாது. அதே மாதம் புதுச்சேரிக்குப் போனபோது, சூதாட்டம் நடக்கிறதென்ற எதிர்ப்பால் அங்கே அனுமதி கிடைக்கவில்லை.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர் இப்படியொரு கப்பலில் போய்வந்து போட்டோ காட்டினார். பஃபே, நீச்சல்குளம், நடனம், மறுபடி பஃபே.

"கடல் எங்கீங்க மாமா?"

தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நீலமாக ஏதோ தெரிந்தது.

மூட்டைக்கு ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற மனுசன், அங்கே கட்டிய காசை எடுக்க வேண்டுமென்றே பசிக்காமல் நாலு வேளை சாப்பிட்டிருக்கிறார். ஓய்வெடுக்கப் போன இடத்திலும் வசூல் வேலைதான்.

இதே துறைமுகத்திலிருந்து, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு 'ரஜூலா' ஓடியது. மலாயாத் தோட்டங்களுக்குச் சேலம் ஜில்லா ஆட்களும் போனார்கள். கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு, வேண்டாமென்றாலும் கடலைப் பார்க்காமல் இருக்க முடிந்திருக்காது.

மாமா அடுத்த வருசத்துக்கும் முன்பணம் கட்டிவிட்டாராம்.