ஈரலுக்கு வந்த மரியாதை

டோக்கியோவில் யூராகுச்சோ ரயில் நிலையம் 1910இல் திறந்தது. தண்டவாளத்தைத் தாங்கி நிற்கிற அந்தக் காலத்துச் செங்கல் வளைவுகளுக்குள்ளே இன்றைக்கு வரிசையாகக் குடிக்கடைகள். இசாகாயா என்கிறார்கள். குடிக்கலாம், கூடவே வயிறாரத் தின்னலாம். தலைக்குமேல் ரயில் போகும்போதெல்லாம் குவளையில் பீர் நடுங்குகிறது. இவற்றில் கோழியை மட்டும் துண்டு போட்டு, மூங்கில் குச்சியில் கோத்துக் கரியில் சுட்டுத் தருகிற கடைக்கு யாக்கிதோரிக் கடை என்று பேர். பிறப்பை வைத்து நடக்கிற பாகுபாடு பற்றிய ஒரு கூட்டத்துக்காகப் போன நவம்பரில் அங்கே போயிருந்தேன். புராக்கு மக்களின் விடுதலை இயக்கத்தில் வெகுகாலம் வேலை செய்த ஒசாகாக்காரப் பெரியவர் ஒருவர் என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். மொழிபெயர்க்க ஒரு மாணவி.

இது ருசி பற்றிய கட்டுரை இல்லை. ருசி நன்றாகவே இருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல், ரத்தம், மாட்டுக்கறி பற்றி நம் பத்திரிகைகளில் நாம் நிறைய எழுதிவிட்டோம். இழிவு என்று சொன்னதையே எடுத்துக் கொண்டாடுவதுதான் எதிர்ப்பண்பாடு என்று நானும் மேடையில் முழங்கியிருக்கிறேன். அந்த முழக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எனவே அந்தக் கடையின் உணவுப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்த புத்தி வேறெங்கே போகும்.

உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு தருகிறார்கள், கை துடைக்க. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வருகிறது, அதற்கும் காசு உண்டு. பிறகு பட்டியல். நெகிமா என்றால் தொடைக்கறியும் வெங்காயத்தாளும். கவா என்றால் தோல். செசெரி கழுத்துக்கறி. நன்கோட்சு குருத்தெலும்பு. ஹாட்சு இதயம், ரெபா ஈரல். இந்த இரண்டும் ஐரோப்பியச் சொற்கள் ஜப்பானிய வாயில் நசுங்கி வந்தவை. கோழிக்கறி என்று சொல்லக் கூச்சப்பட்டு நம் ஆட்கள் சிக்கன் என்பார்களே, அது நினைவுக்கு வந்தது. சுனாகிமோ என்பது கோழி முழுங்கிய மண்ணையும் கல்லையும் வைத்து இரை அரைக்கிற பை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மண்ணீரல். தமிழில் மண்ணீரல் வேறு உறுப்பு, ஆனால் பெயர் வைத்தவர்களின் கற்பனை ஒன்றாகவே ஓடியிருக்கிறது. போன்ஜிரி என்பது வால்முனைக் கொழுப்பு. எங்க ஆயா அதைக் கோழிச்சூத்து என்பாள், சின்னப்பிள்ளைகளுக்குத் தரமாட்டாள், தான் தின்பாள். கடைசியாகச் ச்சோச்சின். இடாத முட்டையின் மஞ்சள் கரு, கருக்குழாயோடு சேர்ந்து குச்சியில் தொங்குகிறது. விளக்குக் கூண்டு என்று அர்த்தமாம். கோழி அறுத்தால் வயிற்றில் இருக்கும் இந்தக் கருவுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம்.

தலையையும் குடலையும் விட்டுவிட்டால், ஊர்த்தெருவில் கோழி அறுத்த மறுநாள் எங்கள் சேரிக்கு என்னென்ன வந்து சேருமோ அநேகமாக எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆயா ஈர்க்குச்சி விட்டுக் குடலைப் புரட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அலசுவாள். இங்கே கோட்டுப் போட்ட அலுவலகக்காரர்கள் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. 'இது எங்க சாப்பாடு. உங்க மக்கள் சாப்பாடும் இதுதானே?' என்று பெரியவரிடம் உணர்ச்சிவசப்பட்டுக் கேட்டேன்.

அவர் சிரித்தார். 'இல்லீங்க. கோழியை எல்லாரும் அறுப்பாங்க, குடியானவங்க வீட்டுக் கொல்லையிலயே அறுப்பாங்க. எங்களுக்கு விதிச்சது மாடும் குதிரையும்.'

அவர் சொன்னது சரி. ஏழைகள் தின்றது என்பதும் சாதி தின்றது என்பதும் ஒன்றல்ல, நான்தான் அவசரப்பட்டுச் சொந்தம் கொண்டாடினேன். 1893இல் டோக்கியோவின் ஏழைத் தெருக்களைப் பற்றிப் புத்தகம் போட்ட மட்சுபாரா இவாகோரோ என்ற பத்திரிகைக்காரர் யாக்கிதோரியையும் அதில் பதிவு செய்திருக்கிறார். காசுள்ளவர் போகிற கோழிக்கறி விடுதிகளின் அடுக்களையில் கழித்த உள்ளுறுப்புகளை விலைக்கு வாங்கி, தெருவோரம் குச்சியில் கோத்துச் சுட்டு, உடலுழைப்புச் செய்கிறவர்களுக்கு விற்றார்கள். 1945இல் போர் முடிந்தபின் கள்ளச் சந்தைக் கொட்டகைகளில் பன்றியின் உள்ளுறுப்புகளும் கோழி என்ற பேரிலேயே சுடப்பட்டன. சைத்தாமா மாவட்டத்தின் ஹிகாஷிமட்சுயாமா ஊரில் இன்றைக்கும் யாக்கிதோரி கேட்டால் பன்றிக்கறிதான் வரும். பிராய்லர் பெருகிக் கோழி மலிந்த 1960களுக்குப் பிறகு இந்த மொத்தமும் நடுத்தர வர்க்கத்தின் மேசைக்கு ஏறியது. கழிவு உணவாகி, பிறகு கலையாகவும் ஆகிவிட்டது. குச்சியில் குத்தப் பழக மூணு வருசம், சுடப் பழக ஆயுசு என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டாம். சுடுகிறவர் நம் கண்ணெதிரே, விளக்குக்குக் கீழே நிற்கிறார். அவருக்கு மரியாதை. அவர் சுட்டதைக் குச்சியிலிருந்து உருவித் தட்டில் போட்டுத் தின்றால் கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டாம்.

மாட்டின் கதைக்கு வருவோம். 675இல் தெம்மு பேரரசர் போட்ட ஆணை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் நாலாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை தின்னக்கூடாது என்றது. ஆக, கோழியும் ஒரு காலத்தில் விலக்குத்தான். ஆனால் கோழி மேல் விழுந்த விலக்கு கோழியோடு போயிற்று. செத்த மாட்டையும் குதிரையையும் எடுத்து, உரித்து, தோல் பதனிட்டவர்கள் மேல் விழுந்தது பிறப்பாக மாறியது. மிகுந்த அழுக்கு என்று பொருள்படும் எழுத்துகளாலேயே அவர்களுக்குப் பேர் எழுதினார்கள். 1871இல் அந்தப் பேரை ஒழித்து ஆணை வந்தது. அடுத்த வருஷமே மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி தின்றதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள், கறி நாகரிகமாயிற்று. விடுதலையானவர்களுக்கோ புதுக்குடிகள் என்று ஒரு புதுப்பேர், அதே வேலி. 1922 மார்ச் 3இல் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா இயக்கம் தொடங்கியதற்கு இதுதான் காரணம். மேலிருந்து வந்த ஆணை போதவில்லை.

அன்று காலைதான் ஷினாகவா நிலையத்தை ஒட்டியுள்ள ஷிபவுரா இறைச்சிச் சந்தைக்குப் போயிருந்தோம். டோக்கியோ மாநகர நிர்வாகம் நடத்துவது, மாடும் பன்றியும் அறுபடுகிற இடம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே ஒரு தகவல் கூடம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற தொழிலாளிகளுக்கு வந்த வசைக் கடிதங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மாணவி இரண்டு வரி மொழிபெயர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நானும் மேலே கேட்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் மாட்டுக்குடலும் கீரையும் போட்டுக் கொதிக்கவைக்கிற மோட்சுநாபே டோக்கியோவில் பெரிய மோகமாக இருந்தது. குடலுக்கு வந்த மோகம் அதை அலசுகிற கைகளுக்கு எதையும் கொண்டுவரவில்லை.

கடையில் இன்னொன்றையும் கவனித்தேன். குச்சியை உப்புப் போட்டும் சுடலாம், தாரே என்கிற சோயாக் குழம்பில் தோய்த்தும் சுடலாம். தாரேப் பானையை ஒருபோதும் முழுதாகக் காலி செய்வதில்லை. குறையக் குறையப் புதுசு ஊற்றிக்கொண்டே போகிறார்கள். பழைய கடைகளில் தகப்பன் கைப்பானை மகன் கைக்கு வருகிறது, எத்தனை தலைமுறைப் பானை என்பதில் அப்படி ஒரு பெருமை. மாணவி இதை வியந்து சொன்னபோது பெரியவர் ஒன்றும் பேசாமல் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு 1872இல் எடுத்த குடும்பப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னார். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதை அதில் துருவிப் பார்க்கமுடிந்தது. 1968இல்தான் அதைப் பொதுப் பார்வையிலிருந்து மூடினார்கள். 1975இல் புராக்குத் தெருக்களின் பட்டியல்கள் ரகசியமாகக் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டது வெளியே வந்தது. வேலைக்கு வருகிறவனின் பாட்டன் யார் என்று பார்க்கத்தான். பானையின் பூர்வீகத்தைக் கேட்டுக் கும்பிடுகிற சமூகம் ஆளின் பூர்வீகத்தைத் தேடித் துப்பறிகிறவனை அனுப்பியது. 2016 டிசம்பரில் புராக்குப் பாகுபாட்டை ஒழிப்பதற்கென்று சட்டம் வந்தது. அதில் தண்டனைப் பிரிவு கிடையாது.

நம்ம விஷயத்துக்கு வருகிறேன். ஒசாகாவின் புராக்குக் குடும்பத்தில் பிறந்த உஎஹாரா யோஷிஹிரோ, ஒதுக்கப்பட்டவர்களின் உணவைத் தேடி நேப்பாளம் வரைக்கும் போய் 2005இல் ஒரு புத்தகம் எழுதினார். மாட்டைத் தின்பதற்காகத் தீண்டாமைக்கு ஆளானவர்களை அங்கே பார்த்தார். அப்படி யாராவது நம் பக்கம் வந்தால் ஆயா அலசிய குடலைப் பற்றி நான் பெருமையாகத்தான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நாளைக்கே நட்சத்திர ஓட்டலில் குடல் வறுவலுக்கு அழகான பேர் வைத்து விற்றால் ஜெயித்துவிட்டோம் என்று எழுதாமல் இருக்கவேண்டும். யூராகுச்சோவில் எழுதிவைத்திருந்த பட்டியலில் கோழியின் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பேர் இருந்தது. அறுத்தவருக்கு ஒரு பேரும் இல்லை. இந்த வாசிப்பைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'பேர் எதுக்கு? எங்க பேரைத்தான் தேடித் தேடி எடுத்தாங்களே. கூலி ஒழுங்கா வரணும், பொண்ணு கேட்டுப் போனா வாசல்ல நிறுத்தக்கூடாது. அது போதும்' என்றார்.

பதில் சொல்ல வரவில்லை. இன்னும் இரண்டு குச்சி போன்ஜிரி சொன்னேன். எண்ணெய் கரியில் சொட்டிப் புகை கிளம்பியது. மேலே ரயில் போயிற்று. பெரியவர் தன் குச்சியில் இருந்ததில் பாதியை உருவி, சுடுகிறவர் பார்க்காத நேரமாக என் தட்டில் வைத்தார்.