வெண்முரசும் நேமிநாதரும்: ஒரு வியாபாரியின் வாசிப்பு

நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். கடைக் கணக்கு எழுதிய கையால்தான் இதையும் எழுதுகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற நயினார் வீடு எங்களுடையது. அதற்கப்புறம் தூங்கும் வரைக்கும் படிப்புதான். அப்படித் தேவ்நாரில் உட்கார்ந்து படித்த ஒரு பெரும் புனைவு வரிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 26 நாவல்களாக எழுதினார். 2014 ஜனவரியில் தொடங்கி, நாள்தோறும் ஒரு பகுதியாக, 2020 ஜூலையில் முடித்தார். நாகங்களும் கந்தர்வர்களும் மனிதரோடு பழகும் மிகைபுனைவு உலகம் அது.

முதல் நாவல் 'முதற்கனல்' எனக்கு ஏமாற்றமே தந்தது. வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் விடிய விடியக் கூத்து நடக்கும். வேஷம் கட்டி வந்தவர் திரை விலகியதும் தான் யார் என்று சொல்லிவிடுவார். இங்கேயோ ஜனமேஜயனின் சர்ப்ப வேள்வியில் தொடங்கி, கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. சூதர்கள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். கதை நகர மாட்டேன் என்கிறது. வர்ணனையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். இந்தக் குறையை இன்றும் குறையாகவே சொல்வேன்.

இரண்டாவதான 'மழைப்பாடல்' கொஞ்சம் பிடித்தது. காந்தாரத்துப் பாலை நிலத்தைக் காட்டிவிட்டு, அங்கே பிறந்தவள் கங்கைக்கரை அரண்மனையில் வாழ்க்கைப்பட்டதைச் சொல்லும்போது, பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அது சட்டென்று புரிகிறது. மூன்றாவதான 'வண்ணக்கடல்' இன்னும் நெருங்கி வந்தது. அதில் இளநாகன் என்ற தமிழ்ப் பாணன் தெற்கிலிருந்து அஸ்தினபுரியை நோக்கி ஊர் ஊராக நடக்கிறான். போகிற வழியெல்லாம் புதுப் பேச்சு, புதுத் தத்துவம். தாதர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நம் பெரியவர்களுக்கு அவன் மூத்த பங்காளி இல்லையா?

என்னை முழுசாகக் கட்டிப்போட்டது எட்டாவது நாவல் 'காண்டீபம்'. அர்ஜுனனின் பயணங்களைச் சொல்லிவரும் அந்த நாவல் ரைவத மலைக்கு வந்ததும் அரிஷ்டநேமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்தான் எங்கள் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர். கண்ணனுக்குச் சொந்தக்காரர். போளூர் அருகே திருமலையில் 16 அடி உயரத்தில் நிற்கிறவரும் அவரே. கல்யாண விருந்துக்கு அடைத்து வைத்த மிருகங்களின் குரல் கேட்டு, மணமேடை ஏறாமலே துறவு பூண்டவர். எங்கள் வீடுகளில் ஸ்ரீபுராணம் வாசிக்கும்போது கேட்ட கதை இது. வில்லிபாரதத்திலோ கூத்திலோ இதற்கு இடமில்லை. இரண்டு பாரதங்களும் தனித்தனியே கிடந்தன. இவர் அவற்றை ஒரே வாசலில் சேர்த்துவிட்டார். 2012இல் சமணத் தலங்களுக்கெல்லாம் நேரில் பயணம் செய்து 'அருகர்களின் பாதை' எழுதியவர் அல்லவா!

தேவ்நாரில் இருப்பவனுக்கு இந்தப் பகுதி வேறு மாதிரி கேட்கும். 1971 முதல் மாநகரத்தின் பெரிய இறைச்சிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. லாரியில் வரும் ஆடுகளின் சத்தம் எனக்குப் பழகிப்போன சத்தம். யாருடைய சாப்பாட்டையும் குறை சொல்ல நான் வரவில்லை. நேமிநாதரும் யாரையும் ஏசவில்லை. தேரைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். பழகிய சத்தத்தை ஒருநாள் நின்று கேட்க வைத்ததே, அது எழுத்தின் பலம்.

இன்னொரு காரணமும் உண்டு. "நீங்க மார்வாடியா?" என்று தமிழிலேயே எங்களைக் கேட்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். தமிழ்ச் சமணர் என்றொரு கூட்டம் இருப்பதே நம்மவர் பலருக்குத் தெரியாது. சிந்தாமணி தந்த தமிழுக்குச் சமணம் அந்நியம் இல்லை என்பதை, நூறு மேடைப் பேச்சு செய்யாத அளவுக்கு ஒரு கதை செய்யும்.

ஆகவே என் யோசனை இது: 26 நாவல்களையும் பார்த்து மலைக்க வேண்டாம். 'வண்ணக்கடல்' முதலில், அப்புறம் 'காண்டீபம்'. பிறகு முதலிலிருந்து போகலாம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தினம் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். காது பழகினால் கண் தானே பழகும்.