யார் கையெழுத்து, யார் நகை

இந்தியாவில் நோயாளிக்கு உள்ள உரிமைகளை ஒரே இடத்தில் தொகுத்துச் சொல்லும் ஆவணம் ஒன்று இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமை சாசனம். 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. அடுத்த ஆண்டு மாநிலங்களுக்குக் கடிதமும் எழுதியது. ஆணையம் எழுதிய வடிவில் மொத்தம் 17 உரிமைகள். நோயையும் செலவையும் பற்றித் தகவல் பெறுவது, மருத்துவப் பதிவேடுகளின் நகல் பெறுவது, அறிந்து சம்மதிப்பது, வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது, கட்டண விவரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது, மருந்தையும் பரிசோதனையையும் விரும்பிய இடத்தில் வாங்குவது, பில்லில் தகராறு இருந்தாலும் மருத்துவமனையைவிட்டு வெளியேறுவது என்று பட்டியல் போகிறது.

நல்ல ஆவணம். அது வருவதற்குப் பின்னால் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. ஆனாலும் இலக்கியம் கற்பிக்கிற எனக்கு எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி முதலில் வந்துவிடும்: இது யாரிடம் பேசுகிறது? சாசனம் பேசும் ‘நோயாளி’ ஒற்றை ஆள். நோய் அவருக்கு, கேள்வி கேட்பதும் அவர், கையெழுத்துப் போடுவதும் பணம் கட்டுவதும் அவரே. பெரும்பாலான நம் வீடுகளில் இந்த ஆள் மூன்றாகப் பிரிந்துகிடக்கிறார். படுத்திருப்பவள் ஒருத்தி. மருத்துவரிடம் பேசிக் கையெழுத்துப் போடுபவர் கணவர், அண்ணன் அல்லது மகன். அட்வான்ஸ் கட்டுவதற்காக அடகுக்கடைக்குப் போகும் வளையல் இன்னொருத்தியுடையது, பல நேரம் படுத்திருப்பவளுடையதேதான். உரிமைகள் மூவரில் யாருக்கு என்று சாசனம் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கப்பார்க்கிறது.

இந்தக் குறை சாசனத்தோடு பிறந்ததில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. மூன்று மனிதர்களுக்கும் ஆண்பால் ஈறு. உடனிருந்து பார்க்கும் வேலை இன்றும் யார் தலையில் விழுகிறது என்பதை அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பரிமேலழகர் இந்தப் பகுப்பை இன்னும் விரிக்கிறார். நோயுற்றவருக்கு நான்கு தகுதிகள் சொல்கிறார்: பொருள் இருப்பது, மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடப்பது, நோயின் நிலையை எடுத்துச் சொல்வது, மருந்தின் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது. முதல் தகுதி பணம். இரண்டாவது, சொன்னபடி நடப்பது. கேள்வி கேட்பது பட்டியலிலேயே இல்லை. வடமொழி மருத்துவ நூல் மரபிலும் இதே பட்டியல் இருக்கிறது. பணம் இல்லாத, கேள்வி கேட்கிற நோயாளி நம் உரை மரபுக்கு இன்னும் பழகவில்லை. அவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எதிர்பாராத பில் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். சேரும்போது ஒரு எஸ்டிமேட்டை வாயால் சொல்வார்கள். அறையின் தரம் உயர உயர, அதே மருத்துவர் வந்து பார்க்கும் கட்டணமும் அதே அறுவை அரங்கின் கட்டணமும் பல இடங்களில் சேர்ந்து உயரும். பேக்கேஜுக்குள் வராதவை ‘இதர செலவுகள்’ என்ற ஒரே வரியில் ஒளிந்திருக்கும்: கையுறை, ஊசி, பஞ்சு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லி வட்டாரத்தின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருப்பது தெரியவந்தது. காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்பிருந்து, 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், மிச்சம் 3,000 மட்டும்தானே நம் பொறுப்பு என்று நினைப்போம். பல பாலிசிகளில், மருந்து போன்றவை நீங்கலாக, அறுவைக் கட்டணம், மருத்துவர் கட்டணம் ஆகியவற்றையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைத்துத்தான் நிறுவனம் தரும். டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுண்டரில்தான் இது தெரியவரும். அதற்குள் தையல் போட்டாகிவிட்டது.

இந்தக் கணக்கு எல்லா நோயாளிக்கும் பொதுவானது. ஆனால் பெண்ணுடல் இதற்குள் வரும் வழிகள் தனி. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) இந்தியாவில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 14.3 சதவீதம் சிசேரியன், தனியாரில் 47.4 சதவீதம். தமிழ்நாட்டில் தனியாரில் 63.8 சதவீதம். இவற்றில் எத்தனை தேவையானவை என்பதை ஒவ்வொரு பெண்ணின் நிலையை வைத்துத்தான் சொல்ல முடியும். உயிரைக் காத்த சிசேரியன்கள் ஏராளம். ஆனால் பிரசவ வலியின் நடுவில் “சிசேரியன்தான் பண்ணணும், சைன் பண்ணுங்க” என்று வெளியே நிற்கும் கணவரிடம் ஒரு தாளை நீட்டும்போது, அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய உடலும் பில்லும் சேர்ந்தே மாறுகின்றன. இரண்டைப் பற்றியும் அவளிடம் யாரும் பேசுவதில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்டன, அதன் பின்னால் அரசுக் காப்பீட்டுப் பணம் இருந்தது என்ற குற்றச்சாட்டோடு வந்த பொதுநல வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே பில் போனது அரசாங்கத்துக்கு. பெண் கொடுத்தது கர்ப்பப்பையை.

எதிர்பாராத பில்லை வெறும் பணப் பிரச்சினையாகப் பார்ப்பது அதனால்தான் எனக்குப் போதவில்லை. அது சம்மதத்தின் பிரச்சினை. கேட்காமல் செய்த சிகிச்சைக்கும் சொல்லாமல் போட்ட பில்லுக்கும் வேர் ஒன்று. இதை நான் கற்றுக்கொண்டது 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து. தில்லியில் 44 வயதான, மணமாகாத ஒரு பெண் மாதவிடாய்ப் பிரச்சினைக்காக 1995இல் ஒரு மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப் மூலம் பரிசோதித்துப் பார்க்கத்தான் அவர் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: வயது வந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண் மயக்கம் தெளியும் வரை காத்திருந்திருக்கலாம், அவசர நிலை எதுவும் இல்லை, அம்மாவின் சம்மதம் மகளின் சம்மதமாகாது. அறுவைக்கான முழுக் கட்டணத்தையும் மருத்துவருக்கு மறுத்து, 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது.

இழப்பீட்டுத் தொகை மிகச் சிறியது. ஆனால் கட்டணத்தை மறுத்த அந்தப் பகுதி முக்கியமானது. அவள் சம்மதிக்காததற்கு அவள் பணம் தர வேண்டியதில்லை என்று உடலையும் பில்லையும் அது சேர்த்துப் பார்த்தது. சாசனம் இவை இரண்டையும் தனித்தனி உரிமைகளாகப் பிரித்துவைக்கிறது: சம்மதம் ஓர் எண், கட்டணம் வேறோர் எண்.

பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் பாலினத்தையும் சாசனம் சேர்த்திருக்கிறது. அதற்கு மேல் பெண் நோயாளியை அது தனியாகக் கவனிக்கும் இடமாக எனக்குத் தெரிவது, ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்ற பகுதி. தேவையான பாதுகாப்புதான், விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பெண் என்றதும் மானம் நினைவுக்கு வருகிறது. அவளுடைய முடிவும் அவளுடைய பொருளும் நினைவுக்கு வருவதில்லை. சீர்வரிசையாக வந்த நகை மனைவியின் தனிச்சொத்து, கணவருக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே தெளிவாக்கிவிட்டது. மாமியாரின் முழங்கால் அறுவைக்கும் மாமனாரின் ஸ்டென்ட்டுக்கும் முதலில் கழற்றப்படுவது அந்த நகைதான். எஸ்டிமேட் இரண்டு லட்சம் என்று ஏழு பவுனை அடகு வைத்த மருமகள், பில் மூன்றரை லட்சமாக ஏறும்போது மீதியையும் கழற்றுகிறாள். அவள் நோயாளியும் இல்லை, நோயாளியின் பிரதிநிதியும் இல்லை. எந்த மருத்துவமனைப் படிவத்திலும் அவளுக்கு ஒரு கட்டம் கிடையாது.

சட்டத்தின் கதையையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010இல் வந்தது. எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும், அரசு வகுக்கும் கட்டண வரம்புக்குள் வாங்க வேண்டும் என்கின்றன அதன் 2012ஆம் ஆண்டு விதிகள். அந்த வரம்பு வகுக்கப்படவே இல்லை என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கடிந்துகொண்டது. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. நமக்கு 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் வந்ததோ 2018இல். இருபத்தொரு ஆண்டுகள் விதியில்லாமல் ஒரு சட்டம் இருந்தது. மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக் கடையிலேயே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானே உத்தரவு போடாமல் மாநில அரசுகளின் முடிவுக்கு விட்டுவிட்டது.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று பொருளில்லை. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதிகளில் 2002இலிருந்தே இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும், மறுப்பது குற்றம். அந்தப் பெண்ணிடம் பில்லை நீட்டினால் அது சட்ட மீறல் என்பதை நம் கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சாசனத்தைத் திருத்தி எழுதும் வாய்ப்பு வந்தால் நான் சேர்க்கச் சொல்பவை சில உண்டு. எஸ்டிமேட்டை எழுத்தில், தமிழில், சுயநினைவோடு இருக்கும் நோயாளியிடமே கொடுத்து விளக்க வேண்டும். குடும்பத்தாரிடம் சொன்னால் போதாது. சிகிச்சை மாறினால் தொகை மாறுவதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, அவளிடம் சொல்லாத கூடுதல் தொகைக்கு அவளோ குடும்பமோ பொறுப்பில்லை. ‘இதர செலவுகள்’ என்ற வரி எந்த பில்லிலும் இருக்கக் கூடாது.

சாசனத்தை முதுகலை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, “மேம், இதெல்லாம் எங்கம்மா எப்படிக் கேப்பாங்க? டாக்டர் முன்னாடி அவங்க உட்காரவே மாட்டாங்க” என்றாள். சாசனத்தின் மீது நான் படித்த மிகக் கூர்மையான விமர்சனம் அதுதான். அன்று மீதி நேரத்தில் 17 உரிமைகளையும் அம்மாக்கள் வாயில் வரும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தோம். பலவும் மூன்று நான்கு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டன. “எவ்ளோ ஆகும்னு எழுதிக் குடுங்க. என்ன பண்ணப் போறீங்கன்னு என்கிட்டயே சொல்லுங்க. மாறுச்சுன்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, என்கிட்டயும் கேளுங்க. பில்லை ஒவ்வொரு ஐட்டமா பிரிச்சுக் குடுங்க.” மாணவிகள் அதைத் தங்கள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினார்கள்.