உல்லாசம் பட்ட பாடு

சொற்களுக்கும் ஜாதகம் உண்டு. 'உல்லாசம்' நல்ல இடத்தில் பிறந்தது. வடமொழியில் ஒளிவிடுதல், களித்தல் என்று பொருள். மம்மடர் தமது காவ்யப்பிரகாசத்தின் பத்துப் பகுதிகளையும் உல்லாசம் என்றே அழைத்தார்.

தமிழில் அது மனத்தின் லேசைச் சொல்லிற்று. தென்னேரி ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறபோது குடியானவர் நடையில் ஒரு துள்ளல் வருமே, அது உல்லாசம். சேலையை அறுத்து முடித்த அன்று காஞ்சீபுரத்து நெசவாளி டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்காருவாரே, அதுவும் உல்லாசம். மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் வேண்டும். களிப்பில் கொஞ்சம் வெறி உண்டு. உல்லாசமோ பாரம் இறங்கிய சுகம்.

1980-ல் 'உல்லாசப் பறவைகள்' என்று சினிமாவுக்குப் பெயர் வைக்க முடிந்தது. இன்று பத்திரிகையின் குற்றச் செய்தியில் 'உல்லாசமாக இருந்தார்' என்றால் அர்த்தமே வேறு. இடக்கரடக்கல் என்று விட்டுவிடலாம். ஆனால் மிரட்டப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையையும் இதே சொல்லால் எழுதுகிறார்களே! யாருக்கு உல்லாசம்? செய்தவன் பக்கம் நின்றல்லவா அந்த வாக்கியம் பேசுகிறது?

கதை எழுதுகிறவனுக்கும் நஷ்டம்தான். பிறந்த வீடு வந்த பெண் நாலு நாள் உல்லாசமாக இருந்தாள் என்று இன்று என்னால் எழுத முடியவில்லை.

வைத்தியம் சுலபம். பலாத்காரத்தைப் பலாத்காரம் என்று அச்சிடட்டும். உல்லாசம் தானே பிழைத்துக்கொள்ளும்.