எவர் வள்ளத்தால் அளக்கிறோம்?

தானியம் வாங்குகிறவர் முதலில் வள்ளத்தைப் பார்ப்பார். பிறகுதான் விலை பேசுவார். எலும்பின் அடர்த்தியை அளந்துகொள்ளும்போது மட்டும் அளவுகோல் யாருடையது என்று நாம் கேட்பதில்லை.

எலும்புப்புரை நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 1994-இல் ஒரு வரையறை வகுத்தது. இளம்பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து ஒருவருடைய அடர்த்தி எத்தனை திட்டவிலக்கம் விலகியுள்ளது என்பதே 'டி' மதிப்பு. அது –2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நோய் என்பர். தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்குச் சராசரி, ச.செ.மீ.க்கு 0.858 கிராம், திட்டவிலக்கம் 0.120. எனவே 0.558 எல்லைக்கோடு ஆகிறது. இவ்வெண்கள் 20 முதல் 29 வயதுவரையுள்ள அமெரிக்க வெள்ளையினப் பெண்களை அளந்து பெற்றவை.

இந்த அளவை வீண் என்று தள்ளிவிட முடியாது. இடுப்பின் அடர்த்தி ஒரு திட்டவிலக்கம் குறைந்தால் இடுப்பு எலும்பு முறியும் அபாயம் இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால், அன்னூரில் காட்டு வேலை செய்யும் சிறிய உடல்வாகுள்ள பெண்ணுக்கு இதை அப்படியே பொருத்துவது சரியா?

எக்ஸ்-கதிர்க் கருவி எலும்பின் கன அளவை அறியாது. அதன் நிழற்பரப்பை மட்டுமே அறியும். கன செ.மீ.க்கு 1 கிராம் எடையுள்ள ஒரே பொருளால் இரு கனசதுரங்கள் செய்வோம். 1 செ.மீ. பக்கமுள்ளதன் எடை 1 கிராம், பரப்பு 1 ச.செ.மீ. பக்கம் 2 செ.மீ. ஆனால் எடை 8 கிராம், பரப்பு 4 ச.செ.மீ. கருவி முன்னதற்கு 1 என்றும் பின்னதற்கு 2 என்றும் காட்டும். பொருள் ஒன்றே, சிறியது என்பதாலேயே அது மட்டமாகத் தோன்றுகிறது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-இல் நம் நாட்டு ஆண், பெண்களுக்கான ஒப்பீட்டு அளவுகளை வெளியிட்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும் இதிலும் ஓர் ஐயம் எழுகிறது. நம் சராசரி குறைந்திருப்பதற்கு உடலமைப்பு மட்டுமா காரணம்? கால்சியமும் வைட்டமின் டி-யும் போதாமை பரவலாக உள்ள நாட்டில், சராசரியையே நலம் என்று கொண்டால் குறை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அயலார் அளவு நலமுள்ளவரை நோயாளியாக்கலாம். நம் அளவு நோயாளியை நலமுள்ளவராகக் காட்டலாம்.

முகாம்களில் குதிகாலை ஒலி அலையால் சோதித்துத் தரும் எண்ணுக்கு –2.5 என்ற எல்லை பொருந்தாது என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும், எந்த மக்களோடு ஒப்பிட்டார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயது, முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு ஆகியவற்றையும் சொல்லுங்கள். இவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் பயன்படும்.